சுக்கு, வண்டியில ஏறு

கேட்கிறதா அண்ணாச்சி? கரக்... கரக்... என்று. உங்கள் கடைக்குள் இருந்து பார்த்தால் தெரியாது. என் வண்டிக்கு அடியில் நாய் கிடக்கிறது. சத்தம் போடுவது சங்கிலி. தரையில் இழுபடும்போது அப்படித்தான் கேட்கும். குனிந்து பார்க்காதீர்கள். இப்போதெல்லாம் ஆள் குனிந்தாலே கல்லெடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாயைச் சங்கிலியில் கட்டுகிற ஆள் இல்லை. ஐந்து வருஷமாக அவிழ்த்துவிட்டபடியேதான் என்னோடு திரிந்தது. கழுத்தில் ஒரு பட்டைகூடப் போட்டதில்லை. இந்தச் சங்கிலி வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அதுவும் அதன் நல்லதுக்கு. இந்த ரோட்டில் லாரி போகிற வேகத்தை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள்.

நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள். பென் டிரைவ் வளைந்திருக்கிறது, அது உண்மை. உள்ளே உடையவில்லை என்று ஒரு கடையில் சொன்னார்கள். இன்னொரு கடையில் குப்பையில் போடச் சொன்னார்கள். நீங்கள் மூன்றாவது ஆள். பற்றவைக்கும்போது உங்கள் கை நடுங்கவில்லை, அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். எனக்குக் கை நடுங்கும். அந்தத் தகட்டைப் பிடித்திருந்தால் இந்நேரம் இன்னும் ரெண்டாக்கியிருப்பேன்.

பெயர் ஆத்தியப்பன். உப்பு வியாபாரம். வேப்பலோடை அளத்தில் ஏற்றினால் விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் என்று ஊர் ஊராக மைக்கைப் போட்டுக்கொண்டு போவேன். வீடு எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். அதோ நிற்கிறதே அந்தக் குட்டியானைதான் வீடு. முன்னால் சீட்டு, பின்னால் மூட்டை, மூட்டைமேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் நான், என் கால்மாட்டில் நாய். அடுப்பு ஒன்று, தண்ணீர்க் கேன் ரெண்டு. தோட்டத்து மோட்டாரில் குளியல். உப்பு தின்று தின்று வண்டியின் தளம் சல்லடையாகிவிட்டது, படுத்துக்கொண்டே ரோட்டைப் பார்க்கலாம். குறை ஒன்றும் கிடையாது. வாடகை இல்லை, பக்கத்து வீடு இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனுஷனும் ஒரு நாயும் போதும் அண்ணாச்சி. மூன்றாவதாக ஒரு ஆள் வரும்போதுதான் பேச்சு வருகிறது, பேச்சு வந்தால் சண்டை வருகிறது.

நாயின் பெயர் வீரா. நான் வைத்த பெயர். என் வீட்டுக்காரி மாரிக்கனி அதைச் சுக்கு என்பாள். கலர் அப்படி இருக்கிறதாம். ஒரு ஆண் நாய்க்கு அது ஒரு பெயரா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவளும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து சுக்கு சுக்கு என்று அதையே நிலைநாட்டிவிட்டார்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பது அவள் குரல்தான். வண்டி வாங்கின புதிதில் பேசிப் பதிந்தது. ஸ்டுடியோ எல்லாம் இல்லை. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, என் பழைய போனில் பதிந்தோம், அந்தப் போன் எப்போதோ செத்துப்போயிற்று. நான் பேசினால் ஊர்க்காரர்கள் கந்துவட்டிக்காரன் வந்துவிட்டான் என்று கதவைச் சாத்துவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். சரி, நீயே பேசு என்றேன்.

"உப்பு... கல்லுப்பு... வேப்பலோடை வெள்ளை உப்பு. படியும் உண்டு, மூட்டையும் உண்டு. வாங்கம்மா, வாங்கக்கா. உப்பு வண்டி உங்க வாசலுக்கு வந்திருக்கு."

இவ்வளவுதான். ஆனால் நான் போனை அணைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றேன். அதற்குள் மரத்தில் ஒரு காக்கா கத்திவிட்டது. இந்த நாய் அப்போது குட்டி. ரோட்டுப் பக்கம் ஓடியிருக்கிறது. அவள் அதைப் பார்த்து, "சுக்கு, வண்டியில ஏறு" என்றாள். அதுவும் சேர்ந்து பதிந்துவிட்டது. வெட்டிவிடலாம் என்றேன். கிடக்கட்டும், கேட்க நல்லாத்தானே இருக்கு என்றாள். கிடந்தது.

அதுவே தொழிலாகிவிட்டது பாருங்கள். ஊருக்குள் போய் வண்டியை நிறுத்தினால் இது இறங்கிப் போய்விடும். கோழியைத் துரத்தும், குப்பைமேட்டைக் கிளறும், ஊர் நாய்களோடு வம்பு வளர்க்கும். நான் கண்டுகொள்ள மாட்டேன். வியாபாரம் முடிந்ததும் மைக்கை ஒரு தடவை போடுவேன். கடைசியில் அந்தக் குரல் வரும். எந்தத் தெருவில் இருந்தாலும் அம்பு மாதிரி வந்து ஒரே தாவு, முன்சீட்டில் இருக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். வண்டி போனபிறகும் "சுக்கு, வண்டியில ஏறு" என்று ஒன்றையொன்று கூப்பிட்டு விளையாடும். நாய்க்கு அப்படி ஒரு பாசம் என்மேல். ஒரு நாள் விட்டுப் போனதில்லை.

அவள் போய்விட்டாள். பதினொரு மாசம் ஆகிறது. தண்ணீர் பிடிக்கிறேன் என்று கேனை எடுத்துக்கொண்டு இறங்கினாள், பஸ் வந்தது, ஏறிவிட்டாள். கேனைப் பஸ் ஸ்டாப்பிலேயே வைத்துவிட்டுப் போனாள், அந்த மட்டும் சரி. நாய் போகவில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். கட்டிக்கொண்டவள் போனாள், நாய் நின்றது. அது யாருடைய நாய் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

டீ சொல்லவா? வேண்டாமா. சரி.

இந்த மாசிக்கடைசியில்தான் சனியன் பிடித்தது. அதன் பெயர் தவசிமுத்து. அவனும் உப்பு வண்டிதான், லோடு ஆட்டோ. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஊரில் யார் மைக் முதலில் கேட்கிறதோ அன்றைக்கு அந்த ஊர் அவனுக்கு. அடுத்தவன் ஊர் எல்லையிலேயே வண்டியைத் திருப்பிவிட வேண்டும். பதினைந்து நாளைக்கு எட்டிப் பார்க்கக் கூடாது. ஒருதடவை உப்பு வாங்கினால் அடுத்த தடவை வாங்க அவ்வளவு நாள் ஆகும், அந்தக் கணக்கு. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறினவன் கிடையாது.

அன்றைக்குப் புளியங்குளத்தில் நான் மைக்கைப் போட்டு ரெண்டு தெரு முடித்துவிட்டேன். மூன்றாவது தெரு திரும்பினால் இவன் நிற்கிறான். சுற்றிலும் பெண்கள் சட்டியோடு. நான் இறங்கி மரியாதையாகத்தான் கேட்டேன்.

"என்ன வே, என் மைக்கு ஒம்ம காதுல விழலியா?"

"விழுந்துது. அது ஒம்ம மைக்கா? பொம்பள சத்தம்லா கேட்டுது."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு. வண்டியத் திருப்பும்."

"வழக்கம் ஆம்பளைக்கு. பொண்டாட்டி ஓடிப்போய்ட்டா, அவ வாய மட்டும் பெட்டியில வச்சுக் கஞ்சி குடிக்கிற ஆளுக்கு என்ன வழக்கம்?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும்தான் சிரித்தாள் என்று பிற்பாடு சொன்னார்கள், எனக்கு எல்லாரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. நான் கோபக்காரன் இல்லை அண்ணாச்சி. என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் ஜாக்கி ராடு கிடந்தது, அதை எடுத்தேன். மிரட்டத்தான். அவன் தோளில் பட்டுவிட்டது. அவன் சும்மா இருந்திருக்கலாம். ரெண்டு கையாலும் உப்பை அள்ளி என் முகத்தில் அடித்துவிட்டான்.

கல்லுப்பு கண்ணில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மிளகாய்கூடத் தேவலை. உலகமே வெள்ளையாகி அப்புறம் சிவப்பாகிவிட்டது. ராடு கையை விட்டு எங்கேயோ போய்விட்டது. அவன் என் விலாவில் மிதிக்கிறான், ரெண்டு மிதி, மூன்று மிதி. தடவிக்கொண்டே போய் என் வண்டிக்குள் கையை விட்டேன். கையில் அகப்பட்டது பென் டிரைவ் சொருகியிருந்த ஆம்ப்ளிபயர் பெட்டி. பிடுங்கினேன். ஒயரெல்லாம் பிய்ந்துகொண்டு வந்தது. அவன் மூச்சுச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டதோ அந்தப் பக்கம் போட்டேன். ஒன்று, ரெண்டு. அவன் கத்தினது கேட்டது. மூன்றாவதுக்கு ஓங்கும்போது என் கையை யாரோ கவ்விவிட்டார்கள்.

இதோ பாருங்கள், முழங்கைக்குக் கீழே. நாலு பல். பதினொரு தையல். நான் தவசிதான் கடிக்கிறான் என்று நினைத்தேன். உதறிவிட்டு அடித்தேன். மறுபடியும் கவ்வியது. மறுபடியும் அடித்தேன். அந்த அடியில்தான் பெட்டி உடைந்தது, கையிலேயே நொறுங்கியது தெரிந்தது. அதற்குள் யாரோ ஒரு குடம் தண்ணீரை என் முகத்தில் ஊற்றினார்கள். கண்ணைத் திறந்தால் தவசி பத்தடி தள்ளித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் காலடியில் நாய் கிடக்கிறது.

பதட்டத்தில் அதற்கு ஆள் தெரியவில்லை. நாய்தானே. ரெண்டு பேர் கட்டிப் புரண்டால் யாரைக் கடிக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்.

ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள். தவசி எழுதிக்கொடுத்தான், பெட்டியால் தனக்கு விழுந்தது ரெண்டே அடி என்று. நான் போட்டது நாலு. மிச்சம் ரெண்டு யார்மேல் விழுந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், எனக்குக் கண்தான் தெரியவில்லையே. இது அன்றிலிருந்து பின்னங்காலைச் சாய்த்து நடக்கிறது. பயந்த நாய் அப்படித்தான் நடக்கும் என்கிறார்கள். ஆனால் பெட்டி உடைந்ததற்குத் தவசிதான் காரணம். அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தப் பென் டிரைவ் வளைந்திருக்குமா?

அன்றைக்குப் பிறகு இது வண்டியில் ஏறவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். புதுப் பெட்டி வாங்கினேன். பென் டிரைவைச் சொருகினால் ஒரு மூச்சும் இல்லை. சரி, நான்தானே அதற்கு எஜமான் என்று, "வீரா, ஏறு" என்றேன். பார்க்கிறது. ஏறவில்லை. கறி வாங்கிச் சீட்டில் வைத்தேன். ஏறவில்லை. வெட்கத்தை விட்டு, ரோட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "சுக்கு, வண்டியில ஏறு" என்றும் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லும்போது அது எழுந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. வண்டியை மெதுவாக ஓட்டினால் பின்னாலேயே வரும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஒரு கல்லெறி தூரம், அதற்குக் குறையாது, அதற்குக் கூடாது. அளந்து வைத்த மாதிரி.

ஸ்டுடியோவுக்குப் போனேன். நல்ல பெண் குரல், பின்னால் நாதஸ்வரம் எல்லாம் போட்டுத் தந்தார்கள். கடைசியில் அந்த வரியையும் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அப்புறம் நன்றாகவே சொன்னாள். ஊருக்குள் போட்டேன். பிள்ளைகள் ஓடிவந்து, "இது சுக்கு அக்கா இல்ல, வேற ஆளு" என்றன. நாய் காதைக்கூடத் திருப்பவில்லை.

மூன்றாம் நாள் பிடித்துத் தூக்கி ஏற்றினேன். குதித்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். குதித்தது. ஓடுகிற வண்டியில் இருந்து அண்ணாச்சி. ஒருதடவை பின்னால் வந்த பால் வண்டி சக்கரம் இதோ இவ்வளவு இடைவெளியில் போயிற்று. அப்போதுதான் அடித்தேன். ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு அடித்தேன். பெல்ட்டால். செத்துப்போயிருப்பாயே என்று சொல்லிச் சொல்லித்தான் அடித்தேன். பாசம் இல்லாதவன் அப்படி அடிப்பானா? அடித்துவிட்டு நான்தான் அழுதேன். அது அழவில்லை. ஒரு சத்தம் போடவில்லை. அவளும் இப்படித்தான், சத்தம் போட மாட்டாள். சத்தம் போட்டுத் தொலைத்தால் நிறுத்திவிடலாம். இவர்கள் நிறுத்த விடுவதில்லை. மறுநாள் சங்கிலி வாங்கினேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. குரல் போனால் என்ன, குரலுக்கு உடைய ஆள் இருக்கிறாளே. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போகவில்லை. அந்த எண்ணமே இல்லை. போனை நீட்டுவேன், ரெண்டு வரி பேசட்டும், வந்துவிடுவேன். அவ்வளவுதான். நாயையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன், பார்த்தால் மனசு இளகுவாள் என்று.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு வெளியே பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் எங்களைப் பார்க்கிறதுக்கு முன்னால் நாய் அவளைப் பார்த்துவிட்டது. அம்மாடி. என்ன இழுப்பு இழுத்தது தெரியுமா. பின்னங்கால் சரியில்லாத நாய், என்னைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. சங்கிலியைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். தோல் உரிந்து ரத்தம் வழிகிறது, விடவில்லை. நான் விடுகிற ஆள் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். மெலிந்திருந்தாள். நாயைப் பார்த்தாள், அதன் காலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கம் திருப்பினாள். இடது காது கேட்காது.

அது ஒரு பழைய கதை. எங்கள் தொழிலில் விளக்கு வைத்தபிறகு உப்பை அளக்கக் கூடாது. அளந்தாலும் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கையோடு கை மாறினால் சண்டை வரும். உங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் இருக்கும். அன்றைக்கு விளக்கு வைத்தபிறகு ஒரு பொம்பளை வந்து நிற்கிறாள், பிரசவ வீடு, வெந்நீருக்கு உப்பு வேண்டும் என்கிறாள். இவள் ஒரு கை அள்ளி அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். என் கண் முன்னால். சொன்னேன், கூடாது என்று. "பிள்ளை பெறுற வீட்டுக்கு விளக்கு என்ன, வெளிச்சம் என்ன" என்று திருப்பிச் சொன்னாள். கையில் உப்புப் படி இருந்தது. இரும்புப் படி. ஒரு அடிதான். அதோ, அந்தப் படிதான், மூட்டைமேல் இருக்கிறதே. ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது பாருங்கள். நல்ல கனமான படி, அது நெளியும் என்று நான் நினைக்கவே இல்லை. கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று சொன்னேனா இல்லையா? வந்தது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டாள். அப்புறம் அமைதியாகச் சொன்னாள்.

"பேசித் தாரேன். எத்தன தடவ வேணும்னாலும் பேசித் தாரேன். நாய அவுத்து விட்டுட்டுப் போங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாய விட்டுட்டுப் போனா ஒன் குரல வச்சு நான் என்னட்டி செய்ய? நாய்க்குத்தானே குரலு" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள்.

என்ன சொன்னாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஏதோ திமிராகச் சொன்னாள் என்று மட்டும் தெரிந்தது. குனிந்து சங்கிலிக் கொக்கியில் கையை வைத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டேன் அண்ணாச்சி, அவ்வளவுதான், ஓங்கவே இல்லை. அதற்குள் ஒருத்தி விளக்குமாற்றுக் கட்டையால் என் முதுகில் வைத்தாள். இன்னொருத்தி தூக்குச்சட்டியால் மண்டையில். குழம்போடு. அத்தனை பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள். யாருக்கு நான் என்ன செய்தேன்? உதடு கிழிந்தது, இந்தப் பல் அன்றைக்குப் போனதுதான். வாட்ச்மேன் கிழவன் தடுக்க வந்தவன் மாதிரி வந்து அவனும் ரெண்டு மிதி மிதித்தான். அவ்வளவுக்கும் சங்கிலியை விடவில்லை. கீழே விழுந்து கிடக்கும்போதும் கையை மார்போடு வைத்துக்கொண்டேன். கடைசியில் அவள்தான், "விடுங்கக்கா, செத்துகித்துப் போகப்போறாரு" என்று எல்லாரையும் விலக்கினாள். பாருங்கள், மனசு ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறது.

நாயை இழுத்துக்கொண்டு வந்தேன். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வர மாட்டேன் என்றது. ரோட்டில் நகம் கீறின கோடு வண்டி வரைக்கும் இருந்தது. அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் போனபோது இது அவள் பின்னால் ஓடவில்லையே, அதுபோல இன்றைக்கும் என் பக்கம் நின்றிருந்தால் எனக்கு எவ்வளவு கௌரவமாக இருந்திருக்கும்.

இல்லை, அன்றைக்கு ஓடியிருக்க முடியாது. கட்டியிருந்தது. அந்தப் படி விவகாரம் நடந்த ராத்திரி முழுக்க என்னைப் பார்த்து உறுமிக்கொண்டே இருந்தது, அதனால் பம்பரில் கயிற்றால் கட்டியிருந்தேன். பஸ் போனபிறகு கயிறு இறுகிக் கழுத்தில் ரத்தம் கட்டிவிட்டது, அவ்வளவு துள்ளல். கயிறு கயிறுதானே, அது சங்கிலியில் சேராது. நான் சொன்னது சங்கிலியை.

என்ன, நிறுத்திவிட்டீர்கள்? முடிந்துவிட்டதா? எரிகிறது. அந்தச் சின்ன விளக்கு எரிகிறது அண்ணாச்சி. அந்த இன்னொரு கடைக்காரன் குப்பையில் போடச் சொன்னானே. உங்களுக்குக் கோயில் கட்டலாம்.

போடாதீர்கள், போடாதீர்கள், ஒரு நிமிஷம். முதலில் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறேன். நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். இந்த நாய் யாருடையது என்று இந்த ரோடே பார்க்க வேண்டும். முன்கதவைத் திறந்து வைக்கிறேன். சீட்டில் உப்புத் தூசி, தட்டிவிடுகிறேன். ம். இந்தா, போ, கொக்கி கழன்றுவிட்டது. வெளியே வராது இப்போது. அடியிலேயே கிடக்கும். கிடக்கட்டும். போடுங்கள்.

"உப்பு... கல்லுப்பு..."

அவள்தான். ஐயோ, அவளேதான். கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, பரவாயில்லை.

"படியும் உண்டு, மூட்டையும் உண்டு. வாங்கம்மா, வாங்கக்கா..."

சத்தத்தைக் கூட்டுங்கள். வண்டிக்கு அடியில் பாருங்கள், தலையைத் தூக்கிவிட்டது. இருங்கள், பேசாதீர்கள். இப்போது காக்கா கத்தும். கத்திவிட்டதா?

"சுக்கு, வண்டியில ஏறு."

வந்துவிட்டது பாருங்கள். வெளியே வந்துவிட்டது. காலைப் பாருங்கள், நொண்டவே இல்லை. வாடா. வா வீரா. கதவு திறந்துதான் இருக்கிறது. அங்கே இல்லை, இந்தப் பக்கம். வண்டி இங்கே நிற்கிறது. எங்கே போகிறாய்? அண்ணாச்சி, உங்கள் கடைக்குள் ஏறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள், ஒயரைத் தட்டிவிடப் போகிறது. உங்கள் ஸ்பீக்கர் பெட்டியை மோந்து பார்க்கிறது. பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறாய்? அங்கே ஒருத்தரும் இல்லை. மறுபடியும் முன்னால் வருகிறது. மறுபடியும் பின்னால்.

படுத்துவிட்டது. மோவாயைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு.

ஏய். எழுந்திரு. எழுந்து வா என்கிறேன். மூன்று வாரமாகச் சோறு போட்டவன் இங்கே நிற்கிறேன். ஐந்து வருஷமாகப் போட்டவன். என்னைப் பார். ஏய்.

என்ன பார்க்கிறீர்கள் அண்ணாச்சி? என் கையையா?

ஓங்கவில்லை. அது தானாக மேலே போயிருக்கிறது. வெயிலுக்கு நெற்றியைத் துடைக்கத்தான்.

இதோ, இறக்கிவிட்டேன். இறக்கிவிட்டேன், போதுமா. அப்படிப் பார்க்காதீர்கள். நாயும் அப்படித்தான் பார்க்கிறது. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே மாதிரி பார்க்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். அது பாட்டுக்கு ஓடட்டும். திரும்பத் திரும்பத்தான் வரும், அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஓடட்டும்.

உங்கள் வீட்டம்மா உப்பு வேண்டும் என்று சொன்னதாகச் சொன்னீர்களே. ரெண்டு படியா? விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கிறது இல்லையா? அந்தச் சட்டியை எடுத்து இங்கே கீழே வையுங்கள். கையில் தர வேண்டாம், கீழே வையுங்கள். மூட்டையைப் பிரிக்கிறேன். முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டோம், லாபம் என்போம். இந்தப் படி ஒரு பக்கம் நெளிந்திருக்கிறதால் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். அதற்காக யாரையும் ஏமாற்றினதில்லை. ஒவ்வொரு படிக்கும் கூட ஒரு கை போட்டுவிடுவேன், பதினொரு மாசமாக.

லாபம். நெளிவுக்கு ஒரு கை.

ரெண்டு. நெளிவுக்கு ஒரு கை.